வெஸ்கா எதைப் பார்க்கிறாள்?

என்னோடு கதை எழுதிய ஆர்டிஸின் வெஸ்காவை எனக்குப் பிடிக்காது. அவள் உயிருள்ள மனுஷிகூட இல்லை, காகிதத்தில் பிறந்த திருடி. என்றாலும் பிடிக்காது. எண்பதுகளில் வந்த ‘உப்புவாசல்’ கதைத் தொகுதிகள் அத்தனையிலும் அட்டையில் அவள்தான் நின்றாள். சிவப்பு அங்கி, இடுப்பில் குத்துவாள், ஒருபக்கம் திரும்பிய தலை. என் மாரிட் ஒரு அட்டையில்கூட இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. ஏன் எரியக்கூடாது?

உப்புவாசல் என்பது உலகத்தில் எங்கும் இல்லாத ஒரு துறைமுகம். மினியாபொலிஸில் அப்போது இளசுகளாக இருந்த நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து கட்டிய ஊர். ஒருவர் கோயிலைக் கொண்டுவந்தார், இன்னொருவர் சாராயக்கடையை, ஒருவர் ஊருக்கே கொள்ளைநோயைக் கொண்டுவந்தார். ஊர் பொது, ஆட்கள் மட்டும் அவரவருடையது. அடுத்தவர் பாத்திரத்தை நம் கதைக்கு இரவல் வாங்கலாம், ஆனால் வாங்கிய மாதிரியே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கொல்லக்கூடாது, கல்யாணம் செய்துவைக்கக்கூடாது, கேட்காமல் கை காலை எடுக்கக்கூடாது.

என் மாரிட் படகுக்காரி. ஊரின் நடுவே ஆறு ஓடியதால், யார் கதையாக இருந்தாலும் யாராவது ஒருவர் அவள் படகில் ஏறியே ஆக வேண்டும். அதனால் எல்லாரும் அவளை இரவல் கேட்டார்கள். வெஸ்காவும் திருடிவிட்டு ஓடிவரும் போதெல்லாம் என் ஆளின் படகில்தான் குதித்தாள். இறங்கும்போது ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை. ஆர்டிஸ் அப்படித்தான் எழுதினாள், ஏனென்றால் ஆர்டிஸே அப்படித்தான்.

முதல் தொகுதி வெளிவந்த அன்று, ஈஸ்டரை ஒட்டி நடக்கும் எங்கள் வாசகர் மாநாட்டில், அட்டை வரைந்த குச்செரா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். நல்ல உயரம், நகத்தில் எல்லாம் பெயின்ட். புத்தகப் பெட்டிகளை அப்போதுதான் பிரித்திருந்தார்கள். “பின்பக்கம் பாத்தீங்களா?” என்று கேட்டார். திருப்பிப் பார்த்தேன். மூடுபனி, ஆறு, ஒரு படகின் மூக்கு. மீதி இடத்தை ஒரு பெரிய வெள்ளைக் கட்டம் அடைத்திருந்தது. அதற்குள் நாலுவரி விளம்பரம், அடியில் பார்கோடு. உன் ஆளுக்கு ஒரு படகு, அதுவும் பாதிப் படகு, அதுவும் பின்பக்கம், அதுவே ஜாஸ்தி என்று சொல்ல வருகிறார் போல என்று நினைத்தேன். “வித்தியாசமா இருக்கு” என்றேன்.

எங்கள் மின்னசோட்டா மாநிலத்தில் பிறந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஒருவர் சமைத்ததையோ வரைந்ததையோ பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று. மரியாதை குறையாமல் காறித் துப்புவதற்கு எங்களிடம் அதைவிடப் பெரிய வார்த்தை கிடையாது. குச்செராவின் முகம் சுருங்கிவிட்டது. ஏதோ சொல்ல வந்தவர் அப்படியே நகர்ந்துவிட்டார். அப்புறம் மற்ற தொகுதிகளுக்கு அவர் வரைந்தவற்றில் படகின் மூக்கும் காணாமல் போயிற்று. கொஞ்ச வருஷத்தில் அவரும் இறந்துபோனார்.

அந்த முதல் ஓவியத்தை, மாநாட்டுக்கு வருவதற்கு முன்பே, ஆர்டிஸ் நேராக அவர் வீட்டுக்குப் போய் வாங்கிக்கொண்டிருந்தாள். எழுதிய எங்களில் வேறு யார் கண்ணிலும் அது படவில்லை.

வாசகர்களுக்கு அந்த அட்டை பைத்தியம் பிடித்துப்போயிற்று. அதில் வெஸ்கா இடப்பக்கம், புத்தகத்தின் முதுகை நோக்கித் திரும்பி, வாய் லேசாகத் திறந்து, எதையோ பார்த்துக்கொண்டு நிற்பாள். ‘வெஸ்கா எதைப் பார்க்கிறாள்?’ என்று தலைப்பு வைத்து மாநாடுதோறும் ஒரு விவாத மேடை. காதலனை என்றார்கள், காவலனை என்றார்கள், நிலாவை என்றார்கள். ஒருவர் வரைபடமெல்லாம் போட்டுக் கோயில் மணியைத்தான் என்று நிரூபித்தார். கடைசியில் மைக்கை ஆர்டிஸிடம் கொடுப்பார்கள். “அது வெஸ்காவுக்கும் எனக்கும் உள்ள ரகசியம்” என்று சிரிப்பாள். கைதட்டல் காதைப் பிளக்கும். கடைசி வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் யாராவது காபிக்குக் கூப்பிட்டால் முதல்முறை வேண்டாம் என்போம். அவர்களுக்குச் சிரமம் வேண்டாமே என்று. இரண்டாம்முறையும் வேண்டாம் என்போம், ஆசைப்படுகிறவளாகத் தெரியக்கூடாதே என்று. மூன்றாம்முறை கேட்டால்தான் அது அழைப்பு. மாநாடு முடிகிற ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆர்டிஸ் என்னிடம் வந்து, வீட்டுக்கு வந்து ஓவியத்தைப் பார்த்துவிட்டுப் போயேன் என்பாள். ஐயோ, உனக்கெதற்குச் சிரமம் என்பேன். சிரமம் ஒன்றும் இல்லை, வா என்பாள். இன்னொரு நாள் பார்க்கலாம் என்பேன். சரி என்று சொல்லிவிட்டுக் காரைப் பார்த்துப் போய்விடுவாள்.

இரண்டோடு நிறுத்திவிடுவாள். வருஷா வருஷம், இரண்டோடு. இதே மின்னசோட்டாவின் டுலூத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு மூன்றாவது தடவையின் அர்த்தம் தெரியாதா? பீற்றிக்கொள்ளவும் வேண்டும், நான் வாசல் மிதிக்கவும் கூடாது. அதுதான் அவள் கணக்கு என்று எனக்கு அப்போதே புரிந்தது. காரணம்தான் தப்பாகப் புரிந்திருந்தது.

போன குளிர்காலத்தில் டோவா என்ற பெண் போன் செய்தாள். பக்கத்து ஊரான செயின்ட் பாலில் சின்னதாக ஒரு பதிப்பகம் நடத்துகிறாள். அம்மாவின் அலமாரியிலிருந்து எடுத்து உப்புவாசலைப் படித்து வளர்ந்தவளாம். எல்லாத் தொகுதிகளையும் சேர்த்து ஒரே பெரிய புத்தகமாக, கெட்டி அட்டையில், அந்த முதல் ஓவியத்தோடு கொண்டுவரப்போவதாகச் சொன்னாள். எழுதியவர்களில் உயிரோடு இருப்பவர்களும், இல்லாதவர்களின் பிள்ளைகளும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. பாக்கி நான் மட்டும்.

வெஸ்கா அட்டையில் இருக்கும்வரை என் கையெழுத்து கிடையாது என்றேன். மாரிட் இல்லாமல் அந்தப் புத்தகம் வர முடியாது. அவளை எடுத்துவிட்டால் பாதிக் கதையில் ஆட்கள் கரையிலேயே நின்றுகொண்டிருப்பார்கள். என் கைக்கு முதன்முதலாக ஒரு பிடி கிடைத்திருந்தது, அதை விட எனக்கு மனசில்லை. டோவா நல்ல பெண், எதிர்த்துப் பேசவில்லை. ஓவியத்தைப் படம் பிடிக்க ஆர்டிஸிடம் கேட்டிருப்பதாகவும், அது ஈஸ்டர் மாநாட்டுக்கு வருவதாகவும், ஒருதடவை நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்லும்படியும் கேட்டாள். கையெழுத்து கிடைக்காவிட்டால் புத்தகத்தையே கைவிட வேண்டியதுதான் என்றும் சொன்னாள். சொன்ன குரலில் அழுகை இருந்தது. எனக்கு அதுவும் பிடித்திருந்தது.

மாநாடு வழக்கம்போல் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் அந்த ஹோட்டலில்தான். பார்க்கிங்கில் கறுத்த பனி இன்னும் குவிந்து கிடந்தது. அந்தக் காலத்தில் வாளும் கேடயமுமாக வேஷம் கட்டி வந்தவர்கள் இப்போது ஊன்றுகோலோடு வந்திருந்தார்கள். சிலர் ஊன்றுகோலுக்கே டிராகன் தலை செதுக்கியிருந்தார்கள். டோவா என்னை ஓவிய அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், ஜன்னலோரம் வைத்திருந்த படத்தின் முன் நிறுத்திவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

படம் நான் நினைத்ததைவிட அகலம். முன்னட்டைக்கும் பின்னட்டைக்கும் சேர்த்து ஒரே ஓவியமாக வரைந்திருந்தார். வலது பாதியில் வெஸ்கா. முதலில் கண்ணில் பட்டது அவள் நிறம். சிவப்பு அங்கி ஆறிப்போன டீ நிறத்துக்கு வந்திருந்தது. முகம் வெளுத்து, வாள் எது, இடுப்பு எது என்று தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, மறைக்கவில்லை.

அப்புறம் இடது பாதியைப் பார்த்தேன்.

அங்கே ஆறு கருநீலமாக, இப்போதுதான் வரைந்ததுபோல் இருந்தது. மூடுபனிக்கு நடுவே படகு. அந்தப் படகின் மூக்கு எனக்குத் தெரியும். மூக்குக்குப் பின்னால் முழுப் படகும் இருந்தது, படகில் மாரிட் நின்றுகொண்டிருந்தாள். அகன்ற தோள், கம்பளித் தொப்பி, நான் இரண்டாவது கதையில் உடைத்த மூக்கு. ஒரு கையில் துடுப்புக்கழி. இன்னொரு கையைக் கரையை நோக்கி நீட்டியிருந்தாள், ஏறு என்று. வெஸ்காவின் அளவுக்கே வரைந்திருந்தார், ஒரு விரல்கடை குறையவில்லை. அவள் நின்ற இடம் சரியாக அந்த வெள்ளைக் கட்டம் விழுந்த இடம்.

வெஸ்கா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காதலனும் இல்லை, மணியும் இல்லை. அத்தனை விவாத மேடையும், அந்தத் திறந்த வாயும் என் படகுக்காரிக்காக.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமைதான். அவளை இத்தனை வருஷம் ஆர்டிஸ் வீட்டுச் சுவர் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சுவரை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது.

இரண்டு பாதிக்கும் நடுவில், மேலிருந்து கீழ்வரை, அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல் ஒரு கோடு. அதற்கு வலப்பக்கம் எல்லாம் வெயில் தின்ற வெளுப்பு, இடப்பக்கம் எல்லாம் வெயில் படாத புதுசு. பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பாமலே யார் என்று தெரிந்தது.

“இங்க எத வெச்சு மறச்சிருந்த?” என்றேன்.

“புத்தக அலமாரி” என்றாள் ஆர்டிஸ்.

“படத்து மேலயா?”

“சின்ன வீடு, வெர்னா. இடமில்ல.”

“ஆர்டிஸ்.”

அவள் பக்கத்தில் வந்து நின்றாள். கழுத்தில் அவள் எப்போதும் போடும் வெள்ளிக் குத்துவாள் பதக்கம். ஜன்னல் வெளிச்சத்தில் அவள் முகமும் படத்தைப் போலத்தான் வெளுத்திருந்தது, என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

“வீட்டுக்கு வந்ததுங்க எல்லாம் அவளத்தான் கேட்டுச்சுங்க” என்றாள். “படகுல நிக்கிறது யாரு, படகுல நிக்கிறது யாருன்னு. தபால்காரன்கூட கேட்டான். என் ஆளப் பத்தி ஒரு பய கேக்கல. பொறுத்துப் பாத்தேன். அப்புறம் அலமாரிய நகத்திட்டேன்.”

“அட்ட பூரா உன்னோடது. அது பத்தலயா உனக்கு?”

“அட்டைதான் எனக்குக் கெடச்சுது. கதையெல்லாம் உனக்குத்தான கெடச்சுது.” குரல் கொஞ்சம் ஏறியது. “அத்தன பேரும் உன் மாரிட்ட எரவல் கேட்டாங்க. வெஸ்காவ யாராச்சும் கேட்டாங்களா? ஒருத்தர் கேக்கல, வெர்னா. நானே தூக்கிட்டு வந்து உன் படகுல ஏத்தினாத்தான் உண்டு.”

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

“குச்செரா என்கிட்ட பின்பக்கம் பாத்தீங்களான்னு கேட்டாரு” என்றேன்.

“தெரியும். அப்ப அவரே அச்சான புத்தகத்தப் பாக்கல. அந்தக் கட்டத்த நியூயார்க்ல பதிப்பகத்துக்காரங்க கடைசி நேரத்துல போட்டிருக்காங்க. பெட்டியப் பிரிச்ச ஒடனே உன்னத் தேடித்தான் ஓடினாரு. திரும்பி வந்து, அந்தம்மா வித்தியாசமா இருக்குன்னுட்டாங்கன்னாரு. அதுக்கப்புறம் படகு வரையவே இல்ல.”

அவளை அடிக்கலாம் போல இருந்தது. அவளுக்குத் தெரிந்திருந்தது, அன்றைக்கே தெரிந்திருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வருஷா வருஷம் மைக்கைப் பிடித்துக்கொண்டு ரகசியம் என்று சிரித்தாள், எனக்கு இரண்டு தடவை காபி நீட்டினாள்.

அந்த நேரம் பார்த்து டோவா வந்தாள். அவளுக்கு வேறு கவலை. இடப்பக்கம் அருமையாக வரும், வலப்பக்கம்தான் பிணம்போல் இருக்கிறது என்றாள். நிறத்தைக் கணினியில் மீட்டுவிடலாம், ஆனால் அந்தச் சிவப்பு எப்படி இருந்தது என்று காட்ட வெளுக்காத பழைய புத்தகம் ஒன்றாவது வேண்டும். அவள் அம்மாவுடையது வெயிலில் போய்விட்டது. பழைய புத்தகக் கடையெல்லாம் தேடியாகிவிட்டது, எல்லாம் ஆரஞ்சும் பழுப்புமாகத்தான் கிடைத்ததாம். ஆர்டிஸின் பிரதிகள் அதே ஜன்னலோர அலமாரியில் இருந்தவை, அவை இன்னும் மோசம். “உங்ககிட்ட இருக்கா?” என்று என்னைக் கேட்டாள்.

என் பிரதி நிலவறையில், கிறிஸ்துமஸ் விளக்குகளுக்கு அடியில், ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. வெஸ்காவின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல், வாங்கிய வாரமே காகிதத்தில் சுற்றிக் கவிழ்த்துப் போட்டது. வெளிச்சமே படவில்லை. உலகத்தில் அந்தச் சிவப்பு அப்படியே மிச்சமிருக்கிற இடம் அநேகமாக அதுதான்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். சொல்லிவிட்டால் போதும். புது அட்டையில் வெஸ்கா டீக்கறையாக நிற்பாள், என் மாரிட் ஜொலிப்பாள். கையெழுத்தையும் போட்டுவிடலாம். இத்தனை வருஷம் நான் ஆசைப்பட்டது ஒரு சின்னப் பொய்க்கு அந்தப் பக்கம் நின்றது. “யோசிச்சுச் சொல்றேன்” என்றேன்.

சாப்பாட்டு அறையில் மின்சட்டிகளில் சூப்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு தட்டில் எலுமிச்சை இனிப்பு ஒரே ஒரு துண்டு மிச்சம். கடைசித் துண்டை முழுசாக எடுக்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் கிடையாது. ஆர்டிஸ் எதிரே வந்து உட்கார்ந்தாள். கத்தியால் துண்டைப் பாதியாக வெட்டி எடுத்துக்கொண்டு மீதியைத் தட்டில் விட்டாள். நான் அந்தப் பாதியை வெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டேன். அவள் மறுபடி வெட்டினாள். கடைசியில் தட்டில் ஒரு பொடி மட்டும் இருந்தது, அதையும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் அவளை நினைத்து இரங்கவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் நினைத்தது மாரிட்டை. அவளைப் பார்த்து வாய் திறந்து நிற்கிறவள் சாயம்போன ஒருத்தி என்றால் அந்தப் பார்வைக்கு என்ன மதிப்பு? ஊரே ஆசைப்பட்ட சிவப்புத் திருடி என் ஆளைப் பார்க்க வேண்டும். பளபளவென்று நின்று பார்க்க வேண்டும். அப்போதுதான் எனக்கு அது இனிக்கும்.

“என்கிட்ட இருக்கு” என்றேன்.

“என்ன?”

“செவப்பு. நெலவறையில. வெயிலே படல.”

ஆர்டிஸ் கத்தியைக் கீழே வைத்தாள். “ஏன் அங்க வெச்ச?” என்று கேட்டு, அதற்குள் அவளே புரிந்துகொண்டு, மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்தாள். “அவ்ளோ புடிக்காதா அவள?”

“அவ்ளோ புடிக்காது. ஆனா ஒண்ணு. இந்தத் தடவ பார்கோடு உன் ஆளு மேல.”

“முன்னட்டையில எவளாவது பார்கோடு போடுவாளா, கிறுக்கி?”

டோவாவைக் கூப்பிட்டோம். இப்போதெல்லாம் அதைப் பிளாஸ்டிக் உறையின் மேல் ஒட்டிக்கொள்ளலாம், படத்தில் யார்மேலும் விழ வேண்டியதில்லை என்றாள். எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. வெஸ்காவின் காலிலாவது ஒட்ட முடியுமா என்று கேட்டேன். ஆர்டிஸ் என் தோளில் ஒன்று வைத்தாள், வலிக்கிற மாதிரியே. கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிறு மத்தியானம் பார்க்கிங்கில் ஓவியத்தை அவள் வேனில் ஏற்ற ஒருபக்கம் பிடித்தேன். கதவைச் சாத்திவிட்டு, வழக்கம்போல் சொன்னாள், வீட்டுக்கு வந்துவிட்டுப் போயேன் என்று. உனக்கெதற்குச் சிரமம் என்றேன். சிரமம் என்ன இருக்கிறது, வா என்றாள். இன்னொரு நாள் பார்க்கலாம் என்றேன். சரி என்று சொல்லிவிட்டுச் சுற்றிப் போய் வண்டியில் உட்கார்ந்தாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நான் பனிச்சேற்றில் நின்றுகொண்டிருந்தேன். இவ்வளவும் ஆன பிறகும் இரண்டுதானா என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டி கிளம்பி, கொஞ்சதூரம் போய், நின்றது. பின்னாலேயே வந்தது. ஜன்னல் இறங்கியது. ஆர்டிஸ் என்னைப் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“அந்த அலமாரிய ஒத்த ஆளா நகத்த முடியாது. வர்றியா, இல்லயா?”

அது மூன்றாவது. நான் சுற்றிப்போய் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, மாரிட்டுக்காகக் கேட்க வேண்டியதை முதலில் கேட்டேன்.

“அந்தச் செவுத்துல வெயிலு எந்தப் பக்கம் விழும்?”